கேப்டன் போடாத கோல்

என் அம்மாவின் தம்பி ஒரு வாரப் பத்திரிகைக்கு விளையாட்டுப் படங்கள் வரைந்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் இதைக் கேட்டவர்கள், "உங்களுக்கென்ன, வீட்டிலேயே ஆர்ட்டிஸ்ட்" என்பார்கள். அவர்களில் ஒருவரும் அரை மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றவர் இல்லை.

மாமா இரும்புலியூரில் எங்களோடுதான் இருந்தார். போட்டோவைப் பார்த்து வரைய மாட்டார். போட்டோவில் ஆள் இருக்கிறான், ஆட்டம் இல்லை என்பது அவர் கட்சி. ஆகவே ஆட்டத்தை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து அப்பா சட்டையைக் கழற்றுவதற்குள் அவர் கையில் குடையைக் கொடுத்து மட்டை பிடிக்க வைப்பார். ஸ்கூலில் நூறு பெண்களை ஒரு பார்வையில் அடக்கும் அம்மா, குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு விக்கெட் கீப்பராகக் குனிந்திருக்கிறாள். பத்திரிகை வந்ததும் பிரித்துப் பார்ப்போம். வெளிநாட்டு ஆட்டக்காரனுக்கு அப்பாவின் தொந்தி இருக்கும். ஹாக்கி வீரனுக்கு என் முழங்கால், அதிலிருந்த தழும்போடு. முகம் மட்டும் ஒருபோதும் எங்களுடையதாக இருக்காது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பதினோரு வயதான அந்த வருடம் மாமாவின் தொந்தரவு எல்லை மீறிப்போனது. முன்பெல்லாம் ஐந்து நிமிடம் நின்றால் போதும். இப்போது அரை மணி, முக்கால் மணி. "அசையாதே பாப்பா, இன்னும் ஒரே நிமிஷம்" என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் செங்கல்பட்டுக்கே போய்விட்டு வரலாம். எழுந்து கிட்டே வந்து, என் முழங்கையை மோந்து பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துவிட்டுப் போவார். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் நம் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் பார்ப்பார். பெரிய ஆளாகிவிட்ட திமிர் என்று நான் முடிவு செய்துகொண்டேன். தூரிகை அவர் கைக்குப் பக்கத்திலேயே கிடக்கும், "பாப்பா, பிரஷ் எங்கே?" என்று சமையலறையில் இருக்கும் என்னைக் கூப்பிடுவார். ஒருமுறை இந்தியன் இங்க் புட்டியைத் தட்டி என் பூகோள நோட்டை நாசமாக்கினார். அம்மாவிடம் புகார் சொன்னால், "அவன் சிந்தனையில இருக்கான், விடு" என்றாள். சிந்தனையில் இருக்கும் எனக்கு இந்தச் சலுகை கிடைத்ததே இல்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை. நான்தான் காபிரியேல் தூதன். வசனத்தை மனப்பாடம் செய்து, சிறகுக்கு அட்டைகூட வெட்டி வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தாம்பரம் மைதானத்தில் புட்பால் இறுதி ஆட்டம். மாமா கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பாவும் வரட்டும் அக்கா. பெட்டிய தூக்கிக்க ஒரு ஆள் வேணும்."

"அவளுக்கு ரிகர்சல் இருக்குடா."

"ஒரு நாள் போகாட்டி என்னக்கா? தேவதூதன் பறந்தா போயிடுவான்?"

போய்விட்டான். ஒத்திகைக்கு வராதவர்களுக்கு ஆட்டுக்குட்டி வேஷம்தான் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் மாமாவின் வர்ணப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்த நேரத்தில், எதிர்வீட்டுப் பெண் காபிரியேல் ஆனாள். எனக்கு மேய்ப்பனின் ஆட்டுக்குட்டி மிஞ்சியது.

ஆட்டம் ரயில்வே ஒர்க் ஷாப்காரர்களுக்கும் மீனம்பாக்கத்து டீமுக்கும். கடைசி நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. மூலையிலிருந்து வந்த பந்தை ஒர்க் ஷாப் டீமின் ஒல்லியான குட்டை மனிதர் ஒருவர், இரண்டு தடியர்களுக்கு நடுவில் எகிறி, தலையால் இடித்து உள்ளே தள்ளினார். எங்கள் கண்ணுக்கு முன்னால், பத்தடியில். விசில் ஒலித்தது. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது.

மாமா என் காதருகே குனிந்து, மெல்லிய குரலில் கேட்டார்: "யாரு பாப்பா போட்டது?"

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. நாள் முழுவதும் இப்படித்தான். பந்து யாரிடம், மஞ்சள் சட்டை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தானும் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்? என்னை வைத்துப் பரீட்சை நடத்துகிறாரா?

"கேப்டன்" என்றேன். மாமா முன்பே பல தடவை வரைந்திருந்த கேப்டன், நெட்டையாக, சுருட்டை முடியோடு, மைதானத்தின் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தார்.

மாமா சிரித்து, "அந்த ஆளா? அப்படியா எம்பினாரு?" என்று கேட்பார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவரோ சரியென்று தலையாட்டினார். பென்சில் ஓட ஆரம்பித்தது. படத்தை முடித்து, கீழே குறிப்பும் எழுதி, இருட்டுவதற்குள் பத்திரிகை ஆபீசில் சேர்க்க வேண்டும் என்று எலெக்ட்ரிக் ரயிலைப் பிடிக்க ஓடினார். உண்மையைச் சொல்ல எனக்கு ரயில் வரும்வரை நேரம் இருந்தது. சொல்லவில்லை. ஆட்டுக்குட்டிக்கு வசனம் இல்லை என்ற கோபத்தில் இருந்தேன்.

அடுத்த வாரம் முழுப் பக்கத்தில் படம் வந்தது. மாமா வரைந்தவற்றிலேயே நல்ல படம் அதுதான் என்று அப்பா சொன்னார். வானத்தில் தொங்கும் உடம்பு, கழுத்து நரம்பு, பின்னுக்கு வளைந்த கால்கள், எல்லாம் சரியாக இருந்தன. தலை மட்டும் சுருட்டை முடி கேப்டனுடையது.

இரண்டு நாள் கழித்து, மாலையில், அந்த ஒல்லி மனிதர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கையில் சுருட்டிய பத்திரிகை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கதவுக்குப் பின்னால் போனேன். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த கோலு நான் போட்டது."

மாமா கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார்.

"புக்குல வரப்போவுதுன்னு எல்லாரும் சொன்னாங்கோ. வூட்ல சொல்லிட்டேன். பொண்ணு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீது. இப்ப பார்த்தா வேற ஆளு தலை கீது. புள்ளைங்க அதைப் பொய்க்காரின்னு சொல்றாங்கோ சார்."

அவருடைய பெண்ணுக்கும் என் வயதுதான் இருக்கும். மாமா இப்போது என் பக்கம் திரும்புவார், பாப்பாதான் சொன்னாள் என்பார். அம்மாவின் கண்கள் ஏற்கனவே என்மேல் இருந்தன.

மாமா திரும்பவில்லை. "தப்பு என்னோடதுங்க. நான் சரியாப் பாக்கலை" என்றார்.

பிறகு அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து வரைய ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்து அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட படம் வேறில்லை. அவருடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். "கழுத்து புடிச்சிகிச்சி சார்" என்று அவர் இரண்டு முறை சொன்னார். அம்மா இரண்டு முறை காபி போட்டாள். கடைசியில் அந்தப் படத்தில் முதல்முறையாக உடம்பும் முகமும் ஒரே ஆளுடையதாக இருந்தன. அடியில் அவர் பெயரை எழுதி, கோல் போட்டவர் இவரே என்றும் எழுதி, மாமா கையெழுத்திட்டார். பெண்ணிடம் கொடுத்து ஸ்கூலுக்கு அனுப்பச் சொன்னார். அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லி பத்திரிகைக்கும் எழுதினார். திருத்தம் வந்தது, ஒரு மூலையில் இரண்டு வரியாக. அதன்பின் அந்தப் பத்திரிகையில் மாமாவின் விளையாட்டுப் படங்கள் குறைந்துபோய், கோடைக்குள் நின்றுவிட்டன.

அம்மா அவரை எழும்பூரில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனது அடுத்த மழைக்காலத்தில். இரண்டு வருடங்களாகவே நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, ஓரம் மட்டும் தெரியும், நேராகப் பார்த்தால் முகங்கள் தெரியாது என்று டாக்டர் சொன்னாராம். அதை எனக்கு விளக்கிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் அதைப் புரிந்துகொள்ள இன்னும் சில வருடங்கள் ஆயின.

அந்த மாலை, ஒல்லி மனிதரின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும், மாமா வழக்கம்போல் "பாப்பா, பிரஷ் எங்கே?" என்று கேட்டார். நான் முதல்முறையாக முணுமுணுக்காமல் எடுத்துக் கொடுத்தேன். என்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெரிய மனிதர் எவ்வளவு கூசாமல் பொய் சொல்லிவிட்டார் என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.