துலுக்காத கிடா

செங்கரட்டு ஏரியில் பார்க்கத்தக்கவை என்று சொல்ல அதிகம் இல்லை. ஏரிக்கு மேற்கே செம்மண் நிறத்தில் ஒரு கரடு. அதன்மேல் ஏறினால் சங்ககிரி மலைக்கோட்டை தெரியும். கரையின் முனையில் முனியப்பன் கண்ணை உருட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். மார்கழியில் நாரைகள் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் சேலத்து டாக்டர் ஒருவர் நல்ல காற்று வேண்டுமென்று இங்கே ஓர் ஓட்டு வீடு கட்டினார். அவரைப் பார்த்து வக்கீல்களும் ஜவுளி வியாபாரிகளும் வரிசையாகக் கட்டினார்கள். எல்லாம் சின்ன வீடுகள்தான். ஊரார் அவற்றைப் பங்களா என்றார்கள். சனிக்கிழமை ரயிலில் சங்ககிரி வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஏரிக்கு வருவார்கள். சங்கம் ஒன்று வைத்து, இரண்டு படகுகளும் வாங்கிப் போட்டார்கள். காரியதரிசி ஒரு வக்கீல்.

வீடுகளையும் படகுகளையும் பார்த்துக்கொள்ள அந்த ஊர்க் கந்தப்பனை வைத்தார்கள். ஏரிக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வந்தவர்களைப் படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டுவதும் அவர் வேலை. கரட்டைக் காட்டி, "அதுக்கு ஏதாவது கதை உண்டா?" என்று கேட்டால், "தெரியலீங்க. கரடுங்க அது" என்பார். வேலைக்கு அது குறைதான். ஆனால் இல்லாத ஒன்றை அவர் சொன்னதாக யாரும் சொல்லவில்லை.

அவருடைய மகள் வசந்தாமணி கைக்குழந்தையாக இருந்தபோது விஷக்காய்ச்சல் வந்தது. பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்ட நிலையில், மனைவி செல்லாயி முனியப்பன் முன்னால் போய் நின்று வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தால், ஏரி கோடி போகிற அன்றைக்குக் கிடா வெட்டி மொட்டை போடுவதாக வேண்டுதல். ஏரி நிறைந்து மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கல்வரம்புக்குக் கோடி என்று பெயர். குழந்தை பிழைத்தது. ஒரு கிடாக்குட்டியை வாங்கி நேர்ந்துவிட்டார்கள். அதன்பிறகு கோடி போகிற அளவுக்கு மழை பெய்யவில்லை.

வசந்தாமணியின் முடி இடுப்பைத் தொட்டது. உறவுக்காரர்கள், "ஏஞ் செல்லாயி, புள்ளையச் சாமியாரிணி ஆக்கப்போறியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். கிடாயும் வளர்ந்தது. பங்களாக் குழந்தைகள் அதற்குப் பிஸ்கட் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் படித்துறையில் நிறுத்திச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள். தொடக்கத்தில் உடம்பை உதறி எல்லாரையும் நனைத்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்கப் பழகிவிட்டது. கரட்டையும் நாரையையும்விட அதைப் பார்க்கத்தான் குழந்தைகள் வந்தார்கள்.

ஒரு வருஷம் மழை சுமாராகப் பெய்தது. வக்கீல் கந்தப்பனைக் கூப்பிட்டார்.

"தை பிறந்தா படகு சேத்துல நிக்குது. கோடிக்கல்லு மேல ரெண்டு பலகை போட்டு அடைச்சா, மாசி வரைக்கும் ஓட்டலாம்."

"பலகை போட்டா கோடி போவாதுங்களே."

"தண்ணி வீணாகாது. நல்லதுதானே?"

விவசாயிகளுக்கும் அது பிடித்திருந்தது. நிறுத்திய தண்ணீர் அவர்கள் வயலுக்கும் ஆகும். கந்தப்பனே பலகைகளை இறக்கிக் களிமண் அப்பினார். ஏரி தளும்பி நின்றது, கோடி போகவில்லை.

செல்லாயி கேட்டாள்: "ஏனுங்க, பலகை போட்டது யாருங்க?"

கந்தப்பன் கையில் ஒட்டியிருந்த களிமண்ணைக் கழுவினார்.

"சாமிக்குக் குடுக்கற வழிய நீங்களே அடைச்சுப்போட்டு, நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா வக்கீலு வந்து நிப்பாரா?"

அந்தத் தை மாதத்தில் வசந்தாமணிக்கு மறுபடியும் காய்ச்சல் கண்டது. தானாகவே தணிந்துவிட்டது. ஆனால் செல்லாயிக்கு அது தவணை கேட்டு வந்த காய்ச்சலாகவே பட்டது.

அடுத்த ஐப்பசியில் பெருமழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் பலகைக்கும் மேலே ஏறி வழிந்தது. ஊரே ஓடிவந்தது. செல்லாயி அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து மஞ்சள் கரைத்தாள். கிடாய்க்கு மாலை போட்டு முனியப்பன் முன்னால் நிறுத்தினார்கள். பங்களாக்காரர்களும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தலையில் தண்ணீர் தெளித்தால் கிடா உடம்பை உதற வேண்டும். அதற்குத் துலுக்குதல் என்று பெயர். துலுக்கினால் சாமிக்குச் சம்மதம். மூன்று தரம் தெளித்தும் துலுக்காவிட்டால் வெட்டக்கூடாது. பூசாரி காளியப்பன் ஒரு தரம் தெளித்தார். கிடா கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"பெரிய எடத்துக் கிடா. மெதுவாத்தான் துலுக்கும்" என்றார் ஒருவர்.

இரண்டாம் தரமும் அப்படியே நின்றது.

"சோப்புக் கேக்குதாட்ட இருக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். செல்லாயி மகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

பூசாரி குடத்தைக் கீழே வைத்தார். "கந்தப்பா, இந்தத் தண்ணி கல்லு மேல வந்ததா, பலகை மேல வந்ததா?"

"பலகை மேல வந்ததுங்க."

"தண்ணி எல்லாம் ஒண்ணுதானுங்களே" என்றார் ஒரு விவசாயி. கந்தப்பன் அதற்குள் கடப்பாரையை எடுத்துவிட்டார்.

"கந்தப்பா, பலகையத் தொடாதே! தொட்டா நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்" என்றார் வக்கீல்.

"நான் போட்டதுங்க. நானே எடுத்தர்றேன்."

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பலகையின் முனையில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். முதல் பலகை பிய்த்துக்கொண்டு போயிற்று; இரண்டாவது முழங்காலில் அடித்துவிட்டுப் போயிற்று. தண்ணீர் கல்லின்மேல் இரைந்து விழுந்தது. அதில் ஒரு குடம் பிடித்து நொண்டிக்கொண்டே வந்து பூசாரியிடம் கொடுத்தார்.

மூன்றாம் தரம். கிடா துலுக்கவில்லை. மூக்கில் வழிந்த தண்ணீரை நக்கிக்கொண்டது.

காளியப்பன் சிறிது நேரம் சாமியையும் கிடாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செல்லாயியிடம் சொன்னார்: "கல்லு நனைஞ்சுது. அடைச்ச கையே தொறந்தும் உட்டுது. சாமி அத எடுத்துக்கிச்சு, உசுரு கேக்கல. கிடா கோயில்லயே கெடக்கட்டும். புள்ளைக்கு முடி எறக்கு, தாயி."

"அப்பக் கறிச்சோறு இல்லீங்களா?" என்று ஒருவர் நிஜமான வருத்தத்தோடு கேட்டார். பருப்புச்சோறுதான் கிடைத்தது.

வசந்தாமணிக்கு அன்றே மொட்டை அடித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஏரி இறங்கி, கரையோரம் கட்டியிருந்த படகுகள் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றன. கந்தப்பனுக்கு வேலை போயிற்று. பலகைகளை மறுபடியும் போட வக்கீல் ஆள் தேடினார். ஊரில் ஒருவரும் வரவில்லை. தண்ணீரால் லாபம் கண்ட விவசாயிகளும் வரவில்லை. கந்தப்பன் தம் நிலத்தோடு நின்றுகொண்டார். முழங்கால் வலி மட்டும் தங்கிவிட்டது.

உலகச் சண்டை தொடங்கிப் பெட்ரோலுக்கும் ரயிலுக்கும் தட்டுப்பாடு வந்த பிறகு பாதிப் பங்களாக்கள் பூட்டிக் கிடக்கின்றன. வருகிறவர்கள் கிடாயைக் கேட்கிறார்கள். அது கிழடாகிக் கோயிலில் படுத்திருக்கிறது. முனியப்பன் உயிர்ப்பலி வேண்டாமென்று சொன்ன கதையைப் புதுப் படகுக்காரர் நன்றாகச் சொல்கிறார்.

கந்தப்பனிடம் கேட்டால் கதை வேறு.

"சோப்புப் போட்டுக் குளிச்ச கிடாங்க. எந்தத் தண்ணி ஊத்துனாலும் துலுக்காது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

தெரிந்துமா பலகையைப் பிடுங்கினீர்கள் என்று கேட்டவருக்கு அவர் சொன்னது:

"பூசாரி கிடாயப் பத்திக் கேக்கலீங்களே. தண்ணி எது மேல வந்துதுன்னுதான் கேட்டாரு."