தலைவருக்கு வர்ணம் பூசிய ராஜாம்பாள்

ராஜாம்பாளின் அப்பா விருத்தாசலத்துக்காரர். பிழைப்புக்காக ரங்கூன் போனவர் அங்கேயே ஒரு பர்மாக்காரியைக் கட்டிக்கொண்டார். பிறந்த பெண் அம்மாவின் முகத்தை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தாள். சின்னக் கண், சப்பை மூக்கு, மஞ்சள் நிறம். அப்பா தன் பங்குக்குத் தமிழைக் கொடுத்தார். அது அசல் எங்கள் ஊர்த் தமிழ். வீட்டை வூடு என்பாள். கோபம் வந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் திட்டுகிற அதே வசவுகளை அதே வரிசையில் திட்டுவாள். 1964இல் பர்மாவிலிருந்து நம் ஜனங்களைக் கிளப்பி அனுப்பியபோது, புருஷனைப் பறிகொடுத்திருந்த ராஜாம்பாள் கப்பலேறி மெட்ராஸில் இறங்கி, ரயில் பிடித்து அப்பாவின் ஊருக்கு வந்து சேர்ந்தாள். ஜங்ஷன் வாசலில் அவள் வாடகை பேசியபோது ஜட்கா வண்டிக்காரன் பதில் சொல்லாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றானாம். குதிரை பேசியிருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டான்.

அவளுக்குப் பேர் வைக்க ஊருக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. சீனாக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் சீனாவோடு சண்டை நடந்து முடிந்திருந்தது. பர்மா வேறு, சீனா வேறு என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். எங்கள் ஆட்களுக்கு வேப்பூரைத் தாண்டிவிட்டால் எல்லாம் ஒரே தேசம்தான்.

முகம்மது இஸ்மாயில் பாயின் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. நானும் அங்கேதான் இருந்தேன். பொம்மைகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடைப்பது என் வேலை. சூளையிலிருந்து வெள்ளை வெளேரென்று வரும் பொம்மைகளுக்குச் சேலையும் வேட்டியும் மற்றவர்கள் பூசுவார்கள். முகம் மட்டும் ராஜாம்பாள். அவள் பிரஷ்ஷால் கண் எழுதித் திறந்துவிட்டால் செட்டியார் பொம்மை கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பது போலவே பார்க்கும். பாய்க்கு அவள் மேல் ஒரே ஒரு மனத்தாங்கல். மெட்ராஸ் கடைக்காரர்கள் பொம்மை முகத்துக்கு ரோஸ் நிறம்தான் கேட்டார்கள். ராஜாம்பாள் முணுமுணுத்துக்கொண்டேதான் பூசுவாள். இந்த ஊரில் ஒருத்தர்கூட ரோஸ் நிறத்தில் இல்லையே, யாரைப் பார்த்து பாய் இதைப் பூசுவது என்று கேட்பாள். விற்கிற நிறத்தைப் பூசு தாயி என்பார் பாய்.

அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி எங்கள் ஊருக்கும் வந்தது. காலேஜ்களை மூடிவிட்டதால் ஊர் திரும்பியிருந்த மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். அரை மணி நேரம் கோஷம், அப்புறம் கல். ரயில்வே பார்சல் ஆபீஸ் வாசலில் கிடந்த மூட்டைகள் எரிந்தன. போலீஸ் தடியைச் சுழற்றிக்கொண்டு விரட்டியதில் நாலைந்து பேர் எங்கள் கம்பெனிச் சுவரேறிக் குதித்தார்கள். ராஜாம்பாள் அவர்களைக் களிமண் தொட்டிக்குப் பின்னால் உட்கார வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். வாசலில் வந்து கேட்ட போலீஸ்காரரிடம் உள்ளே பொம்மைதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். சாக்குக்கு அடியில் மண்ணெண்ணெய் வாடையோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் ஜெயராஜ். தலைவர் கோதண்டபாணியின் அக்கா மகன்.

கோதண்டபாணி அப்போது ஆளும் கட்சி. பதவி என்று எதுவும் இல்லை. மைக் கட்டிய இடத்தில் எல்லாம் இருப்பார். கிளர்ச்சி அவரை இக்கட்டில் மாட்டிவிட்டது. பையன்களைக் கண்டித்தால் பெற்றவர்கள் பகைத்துக்கொள்வார்கள். கண்டிக்காவிட்டால் மெட்ராஸில் மேலிடம் முறைக்கும். எரிந்த மூட்டைக்கு யாராவது ஒருவர் பொறுப்பாக வேண்டும். அந்த ஒருவருக்கு எங்கள் ஊரில் மாமன் மச்சான் யாரும் இருக்கக் கூடாது.

கடைவீதியில் அமைதிக் கூட்டம் போட்டார்கள். தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

“நம் பிள்ளைகள் பச்சைக் குழந்தைகள். தீப்பெட்டி உரசத் தெரியாதவர்கள். இந்தக் காரியத்தைச் செய்தவை அந்நிய முகங்கள். அந்த முகங்களை நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.”

கைத்தட்டல் ஓயவே இல்லை. பெற்றவர்களுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. பச்சைக் குழந்தைகள் எல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு பின்னால் நின்று கேட்டார்கள். ஜெயராஜும் கை தட்டினான்.

அந்நிய சக்தி என்று சொல்லியிருக்கலாம். அந்நியச் சதி என்று சொல்லியிருக்கலாம். அதை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, ஆளாளுக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பார்கள். அந்த மனுஷர் முகம் என்றார். தேடுகிற சிரமமே ஊருக்கு இல்லாமல் போயிற்று. இருந்தது ஒரே ஒரு முகம்.

மறுநாள் குழாயடியில் ராஜாம்பாளின் குடத்தை யாரோ எட்டி உதைத்தார்கள். மளிகைக் கடையில் அவள் முறை வரவே இல்லை. கம்பெனியில் பூவாயி என்கிற பெண், சீனாக்காரி பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று பலகையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். இத்தனைக்கும் பூவாயியின் தம்பியும் அந்தச் சாக்குக்கு அடியில் இருந்தவன்தான். அது அவளுக்கும் தெரியும்.

ராஜாம்பாள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டதற்கு, சொன்னால் அந்தப் பையன்களைப் பிடித்துக்கொண்டு போய் அடிப்பார்கள் என்றாள். அவளை நம்பித்தான் அவர்கள் ஒளிந்தார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு இரண்டு பொம்மைகளை உடைத்தேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த இஸ்மாயில் பாய் பயந்துவிட்டார். ஊர் அடங்கட்டும், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று ராஜாம்பாளை அனுப்பிவிட்டார். அவள் சண்டை போடவில்லை. பிரஷ்ஷுகளைக் கழுவித் துடைத்து டப்பாவில் வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். ஊர் மறுநாளே அடங்கிவிட்டது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. கோதண்டபாணிக்கு மறுபடி மைக் கிடைத்தது. யுத்த நிதிக் கூட்டத்தில் நம் மத்தியிலேயே இரட்டை மனசுக்காரர்கள் இருக்கிறார்கள், விழிப்பாக இருங்கள் என்றார். பேர் எதையும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே பேர் சொல்ல மாட்டார், அது அவருடைய பெருந்தன்மை. நிதிக்கு முதல் ஆளாகப் பணம் கட்டியிருந்த இஸ்மாயில் பாய் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்து அவர் எழுந்தபோது பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. அன்றைக்கே கம்பெனி போர்டில் சாணி அடித்தார்கள்.

மறுநாள் காலையில் பாய் என்னையும் கூட்டிக்கொண்டு பெண்ணாடம் பஸ் ஏறினார். கரும்புக் காட்டில் விசாரித்துப் போய்ப் பார்த்தோம். ராஜாம்பாளின் கையெல்லாம் கரும்புச் சோகை அறுத்த கீறல். பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே நின்றார்.

“அன்னிக்கு உன்னைச் சொன்னாங்க, நான் உன்னை வெளிய அனுப்பிட்டேன். இன்னிக்கு என்னைச் சொல்றாங்க. நான் எங்க போறது தாயி?”

ராஜாம்பாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“பிரஷ்ஷு எல்லாம் காஞ்சி கட்டையா கெடக்கும். எண்ணெயில ஊறப் போட்டீங்களா பாய்?”

பாய் அழுதுவிட்டார். அவள் மறுபடி வேலைக்கு வந்தாள். பூவாயி பலகையைத் தள்ளியேதான் போட்டிருந்தாள்.

இந்த இடத்தில் தலைவருக்கு ஞானம் பிறந்ததைச் சொல்ல வேண்டும். அறுபத்தேழு தேர்தல் நெருங்கியபோது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தன் கட்சியை விட்டு இந்தியை எதிர்க்கிற சுயேச்சை வேட்பாளராக நின்றார். வேட்டிக் கரையும் மாறியது. அந்நிய முகங்கள் மேடையிலிருந்து காணாமல் போயின. அந்தத் தீயை மூட்டியவர்கள் என் வீட்டுச் சிங்கங்கள், என் அக்காள் மகன் முன்னின்று மூட்டினான் என்று ஊர் ஊராகப் பேசினார். அதற்கும் அதே ஜனங்கள் கை தட்டினார்கள். அப்படியானால் ராஜாம்பாள் குடத்தை எதற்கு உதைத்தீர்கள் என்று ஒருத்தரும் ஒருத்தரைக் கேட்கவில்லை.

ஓட்டுக் கேட்கப் போகிற வீடுகளில் கொடுக்கத் தன் தலையைச் சின்னப் பொம்மையாகச் செய்து தரச் சொல்லி எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தார். எடுப்பாக இருக்க வேண்டும், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தலைவர் நல்ல கருப்பு. அதில் ஒரு குறையும் இல்லை. நானும் கருப்புதான், எங்கள் ஊரே அந்த நிறம்தான். போஸ்டரில் மட்டும் அவர் ரோஸ். பாய் ஆர்டரை ராஜாம்பாளிடம் சொல்லிவிட்டு, உனக்குத் தோன்றுகிறபடி பூசு என்றார். விற்கிற நிறத்தைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை.

பொம்மைகளை எடுத்துப் போகத் தலைவரே ஜெயராஜோடு காரில் வந்தார். வரிசையாக அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒவ்வொன்றும் அச்சு அசல் அவர். அதே நெற்றி மேடு, அதே முன்வழுக்கை, அதே கருப்பு. பூசியது யார் என்று அதட்டினார். ராஜாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளைக் கண்டதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பழசை எல்லாம் மனசில் வைத்துக்கொண்டு செய்தாயா, அது சும்மா மேடைப் பேச்சும்மா என்று இழுத்தார்.

“மேடையில பேசிட்டு நீங்க காருல ஏறிப் போயிட்டீங்க. கேட்டவங்க அதை வூட்டுக்குக் கொண்டு போனாங்க. அதுல எனக்குக் கஞ்சி போச்சிங்க. தோ நிக்குறாரே தம்பி, அவரை மூடி வச்ச சாக்கு இன்னும் இங்கதான் கெடக்குது.”

ஜெயராஜ் என்கிற சிங்கம் களிமண் தொட்டியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. சிவப்பு எங்கேம்மா, நான் சிவப்பு கேட்டேனே என்று தலைவர் பேச்சை மாற்றினார்.

“ரோஸ் பூசத்தாங்க டப்பாவ எடுத்தேன். பூசிட்டா அந்நிய முகமா ஆயிடும், ஜனங்க அடையாளம் கண்டுக்குவாங்களேன்னு பயந்து வச்சிட்டேன்.”

பூவாயி மட்டும் குனிந்துகொண்டு சிரித்தாள். மறுநாள் பிரச்சாரம். வேறு பொம்மைக்கு நேரமில்லை. தலைவர் எடுத்துக்கொண்டு போனார்.

நியாயமாக அவர் தோற்றிருக்க வேண்டும். ஆனால் பொம்மையைப் பார்த்த ஜனங்கள், நம்மாள் மாதிரி இருக்கிறாரே என்று குளிர்ந்துபோனார்கள். மூன்றாம் நாளே அவர் மேடையில் மார்பில் அடித்துக்கொண்டு, நான் கருப்பன், இந்த மண்ணின் நிறத்தை மறைக்கத் தெரியாதவன் என்று முழங்கினார். ஜெயித்தும்விட்டார். நன்றிக் கூட்டத்தில், தன் சிலையை ஒரு சீனாக்கார அம்மாவே மனமுவந்து செய்து தந்ததாகப் பெருமையாகச் சொன்னார். அதற்கும் கைத்தட்டல்.

ராஜாம்பாள் எழுபத்தாறில் இறந்தாள். சாகிற வரையில் பூசிக்கொண்டிருந்தாள். அப்புறம் வந்த முகங்களுக்கெல்லாம் அவள் ரோஸ் தொடவில்லை, பாயும் கேட்கவில்லை. அந்தத் தலைவர் பொம்மை எங்கள் ஊரில் பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. விருந்தாளிகளிடம் எடுத்துக் காட்டி, நம்ம ஊர் சீனாக்காரி செஞ்சது என்பார்கள். அவள் பேர் என்ன என்று நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். தலைவர் பேரைத்தான் சொல்கிறார்கள்.