மாமாவின் கோட்டுப் பை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாமா இரண்டு ரிவால்வர்களை வைத்து, எது தோது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பா இல்லாத வீடு. சனிக்கிழமைகளில் என்னைப் பார்த்துக்கொள்வது அம்மாவின் தம்பியான இந்த மாமாதான்.

அவர் பிரான்சிலிருந்து வந்து லண்டனிலேயே வால்தம்ஸ்டோவில் கடை போட்டிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் அவருடைய கூட்டாளியைக் கடை வாசலில் வைத்து யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அடுத்தது நீதான் என்று மாமாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பெரியதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தார். கோட்டின் ஒரு பக்கம் தொங்கியது.

“வந்து மாமாவைக் கட்டிப்பிடி பிள்ளை.”

கட்டிப்பிடித்தேன்.

“ஏதும் இடிக்குதோ?”

“ஓம், இடிக்குது.”

மற்றது கைக்குள் அடங்குகிற அளவு. ஐந்து குண்டுதான் கொள்ளும். ஏதோ லேசான உலோகத்தில் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். இந்த முறை எனக்கு ஒன்றும் இடிக்கவில்லை. மாமாவின் முகம் மலர்ந்தது.

“இதுதான் சரி. பாரமெண்டால் ஒருநாளைக்கு வீட்டில வைச்சிட்டுப் போவம் எண்டு மனம் சொல்லும். அண்டைக்குத்தான் அவங்கள் வருவாங்கள்.”

எனக்கு அது சப்பாத்துக் கடையில் அளவு பார்ப்பதுபோல்தான் இருந்தது.

அம்மாவுக்குத் தெரியவர ஒரு கிழமைகூட ஆகவில்லை. மாமாவின் கோட்டைக் கொழுக்கியில் மாட்டப் போனவருக்குக் கையில் தட்டுப்பட்டுவிட்டது.

“கொண்டுபோய் எங்கையாவது எறி. ஒருத்தனை உந்தச் சாமானுக்குக் குடுத்தது காணும்.” ஊரில் சண்டையில் செத்துப்போன பெரிய மாமாவைத்தான் சொன்னார்.

“ஏலாது அக்கா. அவங்கள் வந்தால் சுட்டுப்போட்டுத்தான் சாவன்.”

அம்மா கோட்டைக் கொழுக்கியில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மதியம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். புட்டும் கணவாய்க் கறியும். கோபம் தீர்ந்துவிட்டதென்று எனக்குச் சந்தோஷம். “கோட்டைக் கழட்டித் தா, கறி படப்போகுது” என்று வாங்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் மேல்மாடி அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தார். மாமா போதும் போதும் என்றபோதும் அள்ளி வைத்தார். தான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வாசல் மணி அடித்தது. அம்மா போய்த் திறந்தார். துப்பாக்கிகளோடு உள்ளே பாய்ந்த பொலிஸ்காரர்கள் மாமாவைக் குப்புறக் கிடத்தி, கறி காயாத கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்து விலங்கு போட்டார்கள். நான் கத்தினேன். அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டார். மாமா தரையில் கிடந்தபடியே தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார்.

வருடக்கணக்காகச் சிறையில் இருந்தார். அம்மா பார்க்கப் போனபோதெல்லாம் சந்திக்க மறுத்துவிட்டார்.

அன்றைக்குப் பொலிஸ்காரர்கள் எங்கள் வீட்டில் ஒரு மேசை லாச்சியைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை. இரண்டு பேர் நேரே மேலே ஏறிப் போய், கோட்டோடு இறங்கி வந்தார்கள். லண்டன் பொலிசுக்கு எந்த வீட்டு அலுமாரியில் என்ன இருக்கிறதென்று தானாகவே தெரியும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.