முத்துமணி மேடு

பாளையம்பட்டியில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அந்தப் போன் வந்தது. பாலவனத்தத்திலிருந்து முத்துமணியின் மருமகன் பேசினார். “மாமா தூக்கத்துலயே போயிட்டாக.” தூக்கத்திலேயே! சாவிலும் கொடுத்துவைத்தவர் என்றுதான் என் மனம் முதலில் சொன்னது. பஸ் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

முத்துமணியும் நானும் நில அளவைக்காரர்கள். ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தோம். நேரில் அவரை “ஏலே” என்று மட்டுமே அழைத்திருக்கிறேன். இன்று “அவர்” என்று எழுத வைத்துவிட்டார். வேலையில் நான் கறார். அவர் பாதி நேரம் அந்த ஊர் ஆட்களோடு கதை பேசிக்கொண்டிருப்பார். ஆனாலும் எங்கே போனாலும் இளநீர் முதலில் அவருக்குத்தான் வரும். எனக்கு வயிறு எரியும்.

ஒருமுறை சாயல்குடிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊருக்கு எங்களை அனுப்பினார்கள். அங்கே கரையோரம் ஒரு தங்கும் விடுதி வரவிருந்தது. கடல் நீர் ஏறும் உச்ச எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விடுதி கட்டக் கூடாது என்பது கடலோரச் சட்டம். அந்த எல்லையைத் தரையில் குறித்துத் தருவது எங்கள் வேலை. எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் இடத்தில் கொடி அழுகிவிடும். பச்சை தொடங்கும் இடமே கரை. அந்த நினைப்பில், மணலில் அடப்பங்கொடி படர்ந்திருந்த ஓரமாகவே முளைக்குச்சி அடித்தோம்.

படகுக்காரர் சூசை விழுந்து விழுந்து சிரித்தார். “அண்ணாச்சி, இது உப்புத்தண்ணி குடிச்சு வளர்ற கொடி. காத்துக் காலத்துல கடலு இதைத் தாண்டி, நாங்க வலை காயப்போடுற மேடு வரைக்கும் வரும். உங்க குச்சிப்படி விட்டா மேடு அவுக சுவத்துக்குள்ள போயிரும். அப்புறம் படகை நாங்க எங்க ஏத்துறது?”

எனக்கு முகம் கறுத்துவிட்டது. முத்துமணியோ கூடச் சேர்ந்து சிரித்தார். “எங்க ஊர்லயும் கம்மா நாலு வருசம் காஞ்சு கெடந்தா உள்ளயே பிளாட்டு போட்டுருவாக. மழை பெஞ்சாத்தான் எது கரைன்னு தெரியும். காத்துக் காலம் வரட்டும், பாத்துட்டே கையெழுத்துப் போடுறேன்.”

விடுதிக்காரர்கள் ஆள்மேல் ஆள் அனுப்பி அவசரப்படுத்தினார்கள். அவர் அசையவில்லை. காற்றுக் காலத்தில் மறுபடி போனோம். எங்கள் குச்சிகளைக் கடல் பிடுங்கிப் போட்டிருந்தது. டேப்பின் ஒரு நுனியோடு அவர் மேட்டில் நின்றார். மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, பழைய குச்சி இருந்த இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் அலையடி பட்டவன் நான். புதிய எல்லையை மேட்டடியில் குறித்தோம். விடுதி தள்ளிப்போனது, மேடு தப்பியது.

ஊர் அதற்கு ‘முத்துமணி மேடு’ என்று பெயர் வைத்தது. நனைந்தவன் நான், பெயர் அவருக்கு! ஓய்வுபெற்ற பிறகும் திருவிழாவுக்கு அவருக்கு மட்டும் அழைப்பு வரும். கருவாட்டுப் பொட்டலத்தோடு திரும்புவார். “ஒனக்குந்தாம்லே குடுத்துவிட்டாக” என்று பாதியை என் வீட்டில் வைப்பார். பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே தின்பேன். அது ருசியாக இருந்தது இன்னொரு எரிச்சல்.

அடக்கத்துக்குச் சூசை ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தார். மஞ்சப்பையில் அந்த மேட்டு மணல். எங்கள் கரிசல் மண்ணோடு கடல் மணலும் குழியில் விழுந்தது. எனக்கு எந்த ஊரிலிருந்து மணல் வரப்போகிறது என்று பொருமிக்கொண்டு நின்றேன். சூசை என்னிடம் வந்து பையை நீட்டினார்.

“நீங்களும் போடுங்கண்ணாச்சி. அவுக வாரப்பல்லாம் எங்களை வைவாக. மேட்டுக்கு ரெண்டு பேரு பேரையும் சொல்லுங்க, தண்ணிக்குள்ள நின்னவன் அவன்தான்னு சொல்லுவாக. நீளமா இருக்குன்னு நாங்கதான் உங்க பேரை விட்டுட்டோம்.”

அப்படியானால் கருவாடும் எனக்கு வந்ததுதான். பாதி மேட்டை எனக்காகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டார். இனி எட்டிப் பிடிக்கவும் வழியில்லை.

கை நிறைய அள்ளினேன். இத்தனை நேரம் காத்த மரியாதை போன இடம் தெரியவில்லை.

“போயிட்டு வாலே” என்று சொல்லி மணலைப் போட்டேன்.