நாக்கு நுனியில் நின்ற பெயர்

மலேசியாவின் தங்காக் நகரில் ஒரு துணிக்கடையின் புடவைப் பகுதியில் வேலை பார்த்தவர் புஷ்பவள்ளி. 2022 தீபாவளி நெருங்கிய ஒரு மழை மாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தார். மண்டைக்குள் இரத்தம் கட்டி, அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தது. ஆனால் வீடு திரும்பியது யார் என்பதில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பத்துப் புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடமும் சிரித்தவர், இப்போது கரண்டி விழுந்தால்கூடக் கத்தினார். உப்பைச் சீனி என்றார். "பழைய புஷ்பாவா இது?" என்று பக்கத்து வீட்டு ராஜம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அன்றோடு கண்ணாடி பார்ப்பதை விட்டார். தான் போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், வேறு எவளோ தன் பேரில் சோறு தின்பதாகவும் நினைப்பு.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் பிரவீனா. ஒரு நாள், கூட வந்திருந்த கணவர் அர்ச்சுனனைக் காட்டி, "ஆன்ட்டி, இவங்க யாரு?" என்றார்.

"வீட்டுக்காரரு."

"அவங்க பேரு?"

பெயர் வந்தது. மற்ற வார்த்தைகளைப் போல நழுவாமல் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாய்தான் திறக்கவில்லை. தலை தானாகக் குனிந்தது. "வில்லு..." என்று நாண் இழுப்பதுபோல் கையைக் காட்டினார்.

"பரவால்ல ஆன்ட்டி. மறந்தா அப்புறம் பார்க்கலாம்."

அர்ச்சுனன் சிரித்துவிட்டார். "மறக்கலம்மா. கல்யாணம் ஆன நாள்லருந்து என் பேர அவ வாயால சொன்னதே இல்ல. கிளினிக் கவுண்டர்ல கேட்டாலும் இப்படித்தான் வில்லு விடுவா. அந்த மலாய்க்காரப் பொண்ணு முழிக்கும். நான்தான் ஓடிப்போய்ச் சொல்லணும்லா."

"நான் எங்க வீட்டுக்காரர வாடா போடான்னுதான் கூப்பிடுறேன்," என்றார் பிரவீனா.

புஷ்பவள்ளி தலைத் தழும்பைத் தடவிப் பார்த்தார். மண்டை ஓட்டைத் திறந்து மூடியிருக்கிறார்கள். உப்பும் சீனியும் இடம் மாறிக் கிடக்கின்றன. அத்தனை கலைந்த பிறகும் இந்தக் கூச்சம் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தன்னைக் கேட்காமலே தன் வாயைப் பொத்தியது யார்? பொத்தியவளை அவருக்குத் தெரியும். இத்தனை மாதமாகத் தேடியது அவளைத்தான்.

திரும்பும் வழியில் காருக்குள் பின்புறம் காட்டும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி முகத்தைப் பார்த்தார்.

"இருக்கேன்," என்றார்.

"பின்னால வர்ற லாரி எனக்குத் தெரிய வேணாமா?" என்றார் ஓட்டிக்கொண்டிருந்த அர்ச்சுனன்.

கண்ணாடியைத் திருப்பி வைத்தார். "சீனி வாங்கணும்."

"சீனியா, உப்பா?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் வாங்குங்க."