கரியடுப்பில் காய்ந்த பாட்டு

இப்போது கைப்பேசியில் பெயரைத் தட்டினால் அந்தப் பாட்டு அரை டஜன் குரல்களில் வந்து நிற்கிறது. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அதற்காக ஒரு டீச்சர் ஊட்டி மார்க்கெட்டில் இருந்த எங்கள் மாமாவின் கடைக்கு நடையாய் நடந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காலி செய்யும் பங்களாக்களின் தட்டுமுட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்பவர்; கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் காது கேட்காதவர். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. டீச்சர் லவ்டேல் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்தார். சினிமாப் பாட்டெல்லாம் வருவதற்கு முந்தைய ஆங்கிலப் பாட்டு ஒன்று அவருக்கு வேண்டும். செத்துப்போன அவருடைய அப்பா முணுமுணுத்த பாட்டாம். முதலில் அதன் இசைக்குறிப்பு அச்சடித்த தாள் ஒரு பங்களாப் பெட்டியில் கிடைத்தது. எங்கள் கண்ணுக்குக் கோட்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்ததை டீச்சர் பார்த்த மாத்திரத்தில் பாடிக் காட்டினார். மாமா சில்லறை கொடுக்க மறந்து நின்றார்.

"மெட்டு கெடைச்சிருச்சுங்க. எங்கப்பா கேட்ட அந்தக் கொரல் வேணும். ரெக்கார்டு வந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் வருவார்.

ரெக்கார்டு சீக்கிரமே கேத்தியில் ஒரு பங்களாவில் கிடைத்துவிட்டது. மாமா மூச்சுவிடவில்லை. துண்டில் சுற்றிக் கட்டிலடியில் வைத்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து, மறுபடி கடை திறப்பதற்குள் கடையிலிருந்த பழைய கிராமபோனில் ஒருமுறை போட்டுக் கேட்பார். மறுநாள் டீச்சர் வந்தால், "இன்னும் கெடைக்கலீங்க டீச்சர், டீ சொல்லட்டுங்களா?" என்பார். சரக்கை வைத்துக்கொண்டு இல்லையென்று சொல்லும் வியாபாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

பிறகு மழை பிடித்தது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் செருப்பு முதல் தலையணை வரை பூஞ்சை பூக்கும். கரியடுப்பின்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் துணி காயவைப்போம். பூஞ்சை பிடித்த ரெக்கார்டையும் அம்மா நல்ல எண்ணத்தில் துடைத்துக் கூடைமேல் வைத்தார். அது அப்பளமாய் நெளிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மாமா அதை டீச்சர் முன் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் ஓடவிட்டுப் பார்த்தார். மலைப்பாதையில் குன்னூர் பஸ்ஸில் உட்கார்ந்து பாடுவது போல் குரல் ஏறி இறங்கியது. நான் சிரித்தேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது எப்பங்க கெடைச்சுது?"

மாமா வாயைத் திறக்குமுன் அம்மா உள்ளேயிருந்து, "அது ஆச்சுங்க டீச்சர், ரெண்டு மாசம்! வாராவாரம் கேட்டுட்டேதான இருந்தான்" என்று போட்டு உடைத்துவிட்டார்.

டீச்சர் மாமாவை வெகுநேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"செரி, நல்லதா வேற ஒண்ணு தேடுங்க. அவசரமில்லீங்க" என்றார். "அடுத்த சனிக்கெழம வர்றேன்."

அன்று மாமா அம்மாவுக்கு பேக்கரியிலிருந்து ஒரு பை நிறைய மொறுமொறு வர்க்கி வாங்கி வந்தார். ரெக்கார்டைக் கெடுத்தவருக்கு எதற்கு வர்க்கி என்று எனக்கு விளங்கவே இல்லை. நானும் எதையாவது கரியடுப்பில் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன்.