மேக்னட்டோ இல்லாத வண்டியும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைப் பிள்ளைகள் என்னிடம் ஒப்படைத்தார்கள். உடன்பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். பேரன் பேத்திகள் அறியாத ஒரு காலத்தை அருகிலிருந்து பார்த்தவளும் நான்தான்.

அக்கா பிறந்தது வடமதுரைக்குக் கிழக்கே ஒரு தோட்டத்து வீட்டில். மானாவாரிக் காடும் ஒரு கிணறும்தான் குடும்பச் சொத்து. ஐந்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலைபின்னி விட்டதும், பள்ளிக்கு அனுப்பியதும் அக்காதான். ஐம்பதுகளின் நடுவில் அத்தானை மணந்து திண்டுக்கல் நாகல் நகருக்கு வந்தார்.

அத்தான் ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக். பட்டாளத்தில் கழித்துவிட்ட சீமை மோட்டார் சைக்கிள் ஒன்றை, ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்கி வந்தார். வண்டி என்று பேர்தான். சட்டமும் எஞ்சினும் இரண்டு சக்கரங்களும் இருந்தன. சீட்டு, செயின், கிளட்ச் கேபிள் எதுவும் இல்லை. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னட்டோவும் இல்லை. அது இருந்த இடம் பல் விழுந்த வாய்போலக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் அதன்முன் உட்கார்ந்தால் சோற்றுக்குக்கூட எழுந்து வரமாட்டார்.

வேலை பாதியில் நின்றபோதுதான் அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. காசநோய் என்றார்கள். மதுரைக்கு அப்பால் இருந்த ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் தங்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வருவது குறைந்தது. அக்காவுக்குத் துணையாக நான் நாகல் நகர் வந்து சேர்ந்தேன்.

ஒருமுறை நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாப்பாட்டைத் தொடுவதில்லை, வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அடம்பிடிக்கிறார் என்று நர்சு சொன்னார். பாதியில் போனால் பிழைப்பது கடினம் என்பதையும் சொன்னார்.

"வண்டிய எடைக்குப் போட்டுரு. இனி அத யாரு ஓட்டப் போறா?" என்றார் அத்தான்.

அக்கா சற்றும் யோசிக்கவில்லை. "மேக்னட்டோ கெடச்சிருச்சு. இனிமே போய் எடைக்குப் போடச் சொல்றீங்களே!"

அத்தான் திரும்பிப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார். "எங்க கெடச்சுச்சு? சுத்துனா பொறி வருதா?" என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். அன்று தட்டில் இருந்த கஞ்சியைக் குடித்து முடித்தார். திரும்பும் பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிட்டேன்டி. இனிமே எப்பிடியாச்சும் தேடணும்" என்றார்.

அத்தானின் கூட்டாளி காசிம் பாயிடம் விஷயத்தைச் சொன்னோம். அவரும் அதே கம்பெனியில் மெக்கானிக். பழைய சாமான் கடைகளை அவர் சல்லடை போட்டுச் சலித்தார். செயினும் கேபிளும் கிடைத்தன. பேகம்பூரில் தோல் வேலை செய்த அவர் மைத்துனர் சீட்டைத் தைத்துத் தந்தார். மேக்னட்டோ மட்டும் அகப்படவில்லை.

அது நாங்கள் பிறந்த ஊரிலேயே இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணப் பெரியப்பாவின் கிணற்றில் ஒரு மண்ணெண்ணெய் எஞ்சின் உண்டு. அதில் பூட்டியிருந்தது பழைய மோட்டார் சைக்கிளின் மேக்னட்டோதான் என்று அவர் மகன் சொல்லி எனக்குத் தெரியும். தோட்டத்துக்குக் கரண்டு வந்து மோட்டார் போட்டபின் எஞ்சின் சாக்கு மூடிக் கிடந்தது. காசிம் பாயைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பார்த்ததும், "இதேதான் தங்கச்சி!" என்றார்.

பெரியப்பா தரமாட்டேன் என்றார். "கரண்ட மட்டும் நம்பி வெங்காயம் போட முடியுமா தாயி? அது காலை வாருனா இந்த எஞ்சின்தான் எனக்குக் கஞ்சி ஊத்தும்."

"அப்பிடி ஆனா சொல்லி விடுங்க பெரியப்பா. அன்னைக்கே கழட்டிக் கொண்டாந்து தாரேன்."

"வண்டி ஓடிக்கிட்டு இருந்தாலுமா?"

"ஓடிக்கிட்டு இருந்தாலும்."

பெரியப்பா தானே ஸ்பானரை எடுத்து அதைக் கழற்றித் தந்தார்.

காசிம் பாய் அதைப் பொருத்தி வண்டியைக் கிளப்பிய அன்று தெருவே திரும்பிப் பார்த்தது. அத்தான் ஊர் திரும்பினாலும் வலுவாகக் காலால் மிதிக்கக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. ஆகவே கிக்கரை மிதிக்க அக்காவே பழகினார். "மிதிச்சா அடி வரைக்கும் போகணும் தங்கச்சி. பாதியில கால எடுத்தா திருப்பி உதைக்கும்" என்று பாய் சொல்லிக்கொடுத்தார். உதைக்கவும் செய்தது. வீங்கிய கணுக்காலோடுதான் அக்கா அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போனார். அத்தானின் உடம்பும் மெல்லத் தேறி வந்தது.

அத்தான் வீட்டுக்கு வரவேண்டிய வாரத்தில் பெரியப்பாவின் மகன் வந்து நின்றான். மோட்டார் எரிந்துவிட்டது, வெங்காயம் வாடுகிறது என்றான். அதற்குமேல் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

"அவன் ஆஸ்பத்திரியிலருந்து வந்து ஒரு பார்வை பாத்துக்கிறட்டும் தங்கச்சி, பொறவு குடுக்கலாம்" என்றார் காசிம் பாய்.

"அதுவரைக்கும் வெங்காயம் காத்திருக்குமா பாய்?" என்று கேட்டார் அக்கா. மேக்னட்டோவைக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவரே பஸ் ஏறினார்.

அத்தான் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வண்டியிடம் போனார். அவர் கை நேராக அந்த வெற்றிடத்தைத் தொட்டது. "எங்க?" என்றார்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் சொன்னது பொய் என்பதையும் மறைக்கவில்லை.

"அப்ப அன்னைக்குக் கெடைக்கவே இல்லையா?"

"இல்ல. பொறவுதான் கெடச்சுச்சு. இப்பத் திருப்பிக் குடுத்தாச்சு."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "பெரியப்பா எஞ்சின் எப்பிடி ஓடுதுன்னு பாக்கணும். நாளைக்குப் போவமா?" என்றார்.

மறுநாள் வரப்பில் நடக்கும்போதே எஞ்சின் திக்கித் திக்கி ஓடுவது அவர் காதில் விழுந்தது. மேக்னட்டோவின் முனைகளைத் துடைத்துச் சரிசெய்தார். எஞ்சின் சீராக முழங்கியது. தொட்டியில் தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது. வெங்காயம் தப்பியது. மோட்டார் சரியானதும் பெரியப்பா ஒரு மூட்டை வெங்காயத்தோடு நாகல் நகருக்கே வந்து மேக்னட்டோவைக் கொடுத்தார். "இது உங்களுக்கே இருக்கட்டும். எனக்குச் சாமான் வேணாம், ஆள்தான் வேணும். கூப்பிட்டா வந்துருங்க மாப்பிள்ளை" என்றார்.

அந்த வார்த்தைதான் பிழைப்பாயிற்று. பஸ் கம்பெனியின் பளுவான வேலைக்கு அத்தானால் திரும்ப முடியவில்லை. வடமதுரை முதல் நிலக்கோட்டை வரை கிணற்று எஞ்சினும் மோட்டாரும் பழுது பார்க்கப் போனார். தினமும் காலையில் அக்கா சேலையை இழுத்துச் செருகி வண்டியை மிதித்துக் கிளப்பிவிடுவார். அத்தான் ஏறிப் போவார். முதலில் வேடிக்கை பார்த்த தெரு, பிறகு அந்தச் சத்தத்தை வைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பியது.

அந்த வருமானத்தில் மூன்று பிள்ளைகள் படித்தார்கள். எனக்கும் அக்காதான் கல்யாணம் செய்துவைத்தார். அத்தான் அறுபது கடந்து வாழ்ந்து மறைந்தார். அதன்பின் நெடுங்காலம் அக்கா தெம்பாகவே நடமாடினார். கடைசி மாதங்களில் மட்டும் படுக்கையில் இருந்தார். அப்போதும் வலி என்று சொன்னதில்லை. "செத்த நேரம் உக்காரு" என்றுதான் சொல்வார்.

அந்த நாட்களில் முறைபோட்டு உடனிருந்த மருமகள்களுக்கும், கூப்பிடும் முன்பே வந்த நாகல் நகர் அண்டை வீட்டாருக்கும், பாடைக்குத் தோள்கொடுத்த காசிம் பாயின் பேரன்களுக்கும், பந்தலுக்குக் கீற்றும் இலையும் அனுப்பிய பெரியப்பா குடும்பத்தாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் சாப்பிட வைத்துவிட்டு, வந்த காரியத்தை அக்கா பிறகுதான் கேட்பார். இன்று இலை போட்டிருக்கிறது. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.